முப்பத்தொரு கைகள் ஒட்டிய தாடி

அன்று காலை பத்து மணிக்கு என் முகம் முழுக்க மைதாப் பசை.

சினிமாவுக்கும் காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் மதுரைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவார்களே, அதே பசைதான். எங்கள் பள்ளி ஆயா பாண்டியம்மாள் அதை ஒரு சட்டியில் காய்ச்சி ஆறவைத்திருந்தார். இரண்டு விரலால் வழித்து வழித்து என் தாடையில் பூசினார்.

"கண்ண மூடிக்கங்க சார். புருவத்துக்கும் பூசச் சொல்லிருக்காங்க டீச்சர்."

மூடிக்கொண்டேன். பசை சில்லென்று காது வரைக்கும் இறங்கியது. வெந்த மாவின் வாசனையோடு ஆயா காலையில் உரித்த பூண்டின் வாசனையும் சேர்ந்து வந்தது.

எனக்கு முன்னால் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் முப்பத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். கதவோரம் நாற்காலி போட்டு, மடியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கரஸ்பாண்டன்ட் அம்மா உட்கார்ந்திருந்தார். பள்ளி அவருடையது. இந்த முப்பத்தொரு பேரில் ஒரு பிள்ளை அழுதாலும் சரி, அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் பள்ளியில் கிறிஸ்துமஸ் விளையாட்டே கிடையாது என்று அவர் சொல்லியிருந்தார். சொன்னதை மாற்றுகிறவர் இல்லை.

இந்தத் தொடரில் இதுவரை நான் விசில் ஊதிய கதைகளைத்தான் எழுதி வந்திருக்கிறேன். போன வார ஓட்டப்பந்தயக் கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் தோற்ற கதை ஒன்றுகூட இல்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருக்கிறது, அம்மா. இந்த வாரம் அதுதான்.

போன வருஷத்து மானக்கேடு

விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு சின்ன நர்சரி பிரைமரி பள்ளியில் நான் பி.டி. மாஸ்டராக இருந்தேன். மைதானம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வேப்பமரமும் அதைச் சுற்றி இரண்டு டவுன் பஸ் நிறுத்துகிற அளவு இடமும் உண்டு. அதற்குள்தான் அணிவகுப்பு, கோகோ, ஆண்டு விழா எல்லாம்.

ஊரடங்கெல்லாம் முடிந்து பள்ளி பழையபடி நடக்க ஆரம்பித்த சமயம். எல்.கே.ஜி.க்கு வந்த பிள்ளைகள் அதுவரை வீட்டையும் அப்பாவின் போனையும் தவிர அதிகம் பார்க்காதவர்கள். பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்தாலே முறைத்துப் பார்க்கும்.

அந்தப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விளையாட்டு நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். விளையாட்டு என்றால் பி.டி. சார்தானே! நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏற்றுக்கொண்டேன்.

முதலில் மியூசிக்கல் சேர். விசில் ஊதினேன். நாற்காலி கிடைக்காத முதல் பிள்ளையைக் கையைப் பிடித்து, "அவுட்டு, போய் ஓரமா உக்காரு" என்றேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, நாற்காலியைப் பார்த்தது, பிறகு வாயைத் திறந்தது. இரண்டாவது சுற்றில் இன்னொன்று. நாலாவது சுற்றில் ஜெயித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் அழ ஆரம்பித்துவிட்டன. அடுத்தது நாம்தான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

சரி, இது வேண்டாம் என்று லெமன் ஸ்பூனுக்குப் போனேன். கரண்டியை வாயில் கவ்வச் சொன்னால் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தைக் கவ்வினார்கள். ஒருவன் தோலோடு கடித்துவிட்டான். அவன் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவள் அழுதாள். பலூன் உடைக்கும் போட்டியைப் பற்றி எழுதவே வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகு நானாவது சும்மா இருந்திருக்கலாம். டவுனுக்குள் நாடகச் சாமான் விற்கிற கடையில் கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். ராட்சதன் முகத்துக்கும் போலீஸ் முகத்துக்கும் நடுவில் தொங்கியது. சிவப்புக் கன்னம், அசையாத சிரிப்பு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அதை மாட்டிக்கொண்டு, ஐந்தாம் வகுப்புப் பையன்களை டிரம் அடிக்கவிட்டு, ஆடிக்கொண்டே வகுப்புக்குள் நுழைந்தேன். நம் ஊரில் கிறிஸ்துமஸ் தாத்தா அப்படித்தானே வருவார்!

வகுப்பு இரண்டாகக் கிழிந்தது மாதிரி ஒரு சத்தம்.

ரிஸ்வானா என்று ஒரு குட்டிப் பெண். எனக்கு நேர் முன்னால் நின்றிருந்தவள். ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. நின்ற இடத்தில் நடுங்கினாள். எனக்குப் பதறிப்போனது. "அம்மாடி, நான்தான்டா, பி.டி. சாரு" என்று முகமூடியைக் கழற்றிக் காட்டினேன். அவ்வளவுதான், அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவளுடைய அத்தா வந்து தூக்கிக்கொண்டு போகும் வரைக்கும் நிற்கவில்லை.

கரஸ்பாண்டன்ட் அம்மாவிடம் ஒரு பழக்கம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை அவர். பள்ளியில் எது நடந்தாலும் அன்றே கையகல நோட்டில் எழுதி, காரணத்தையும் எழுதிவிடுவார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினார். அழுத பிள்ளைகளின் பெயர் வரிசையாக இருந்தது. கீழே, "காரணம்: பி.டி. ஆசிரியர்" என்று இருந்தது.

டிபன் பாக்ஸ்

நான் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். எங்கள் வீட்டில் மானாவாரி நிலமும் நாலு மாடும் உண்டு, கிறிஸ்துமஸ் கிடையாது. கல்யாணமாகி விளாங்குடிக்கு வந்த பிறகுதான் பக்கத்து வீட்டிலிருந்து கேக்கும் அச்சு முறுக்கும் வரும். அந்தத் தட்டைத் தீபாவளி வரை பத்திரமாக வைத்திருந்து அதிரசத்தோடு திருப்பிக் கொடுப்போம். எனக்கும் கிறிஸ்துமஸுக்கும் உள்ள உறவு அம்புட்டுத்தான்.

ஆனால் ஜெயிப்பது எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்து எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினேன். அதில் ஒருநாளும் சோறு கட்டிக் கொடுக்கவில்லை என் அம்மா. வருகிற சொந்தக்காரர்களுக்கு எல்லாம் பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினார்.

ஆகவே விளையாட்டு என்றால் ஒருவன் ஜெயிப்பான், மற்றவன் மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவான் என்பதுதான் நான் அறிந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கும் அதையே சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது கோபம்தான் வந்தது. என்ன பிள்ளைகள் இது, தோற்கக்கூடத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

அந்த வருஷம் முழுக்க ரிஸ்வானா என் பக்கம் வரவில்லை. நான் தாழ்வாரத்தில் நடந்தால் ஆயாவின் சேலைக்குப் பின்னால் போய்விடுவாள். மிட்டாய் நீட்டினேன், வாங்கவில்லை. நான் சிரித்தால் இன்னும் மோசம்.

எஸ்தர் டீச்சர்

அடுத்த ஜூனில் வாடிப்பட்டியிலிருந்து எஸ்தர் டீச்சர் வந்தார். யு.கே.ஜி.க்கு. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். தினமும் திண்டுக்கல் ரோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் இரைச்சல் போட்டால் நாங்களெல்லாம் குரலை உயர்த்துவோம், அவர் தாழ்த்துவார். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே பிள்ளைகள் அடங்கிவிடும். இருபது வருஷமாக விசில் ஊதித் தொண்டையும் காதும் கெட்ட எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது.

டிசம்பர் பிறந்ததும் கரஸ்பாண்டன்ட் அம்மா ஆசிரியர்களைக் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் நர்சரிக்குக் கேக் வெட்டிக் கையில குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவோம். வெளையாட்டு வேணாம். போன வருஷம் பட்டது போதும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"அம்மா, நான் நடத்துறேன்" என்றார் எஸ்தர் டீச்சர்.

"புள்ளைக அழுதா?"

"அழ மாட்டாங்கம்மா."

"ஒரு புள்ளகூட?"

"ஒரு பிள்ளகூட."

"சரி. நானே வந்து உக்காந்து பாக்குறேன். ஒரு புள்ள அழுதாலும் அடுத்த வருஷத்துல இருந்து வெளையாட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்மா."

வெளியே வந்ததும் கேட்டேன்: "என்ன டீச்சர், இப்படிப் போய் மாட்டிக்கிட்டீங்க? முப்பத்தோரு புள்ளைங்க. ஒண்ணுக்குச் செருப்புக் கடிச்சாலும் அழுகுமே?"

அவர் சிரித்தார். பிறகு சொன்னதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

"எனக்கு அஞ்சு வயசு சார். எங்க சர்ச்ல கிறிஸ்மஸ் விளையாட்டு. எங்கம்மா ரெண்டு வாரமா உக்காந்து பாவாடை தச்சுக் குடுத்தாங்க. சுத்துனா குடை மாதிரி விரியும். மியூசிக்கல் சேர்ல மொதச் சுத்துலயே நான் அவுட்டு. முடியிற வரைக்கும் படியிலயே உக்காந்திருந்தேன். பாவாடை ஒரு சுத்துகூடச் சுத்தல சார். வெளையாட்டுனா எல்லாருக்கும் கடைசி வரைக்கும் வெளையாட்டு இருக்கணும். சின்னப் பிள்ளைகளுக்கு அதாவது இருக்கணும்."

எனக்கு என் டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. அன்றைக்கு என் பின்னால் ஓடி வந்தவர்களில் ஒருவன் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை.

எனக்குள்ளே இருந்த தாத்தா

ஒரு வாரம் கழித்து டீச்சர் என்னைத் தேடி வந்தார்.

"சார், நீங்கதான் கிறிஸ்மஸ் தாத்தா."

இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். "ஐயோ, ஆள விடுங்க. ரிஸ்வானா ஒருத்தி போதும், உங்க பந்தயம் அதோட முடிஞ்சுச்சு."

"அவகிட்ட நான் பேசிப் பாத்தேன் சார். அவளுக்குத் தாத்தாவப் பாத்துப் பயம் இல்ல. உங்களப் பாத்துத்தான் பயம்."

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"முகமூடியக் கழட்டுனீங்கள்ல? உள்ளருந்து நீங்க வந்தீங்க. அன்னைல இருந்து அவ நெனப்புல, பி.டி. சாருக்குள்ள தாத்தா இருக்காரு. எப்ப வெளிய வருவாருன்னு தெரியாது. அதான் உங்களக் கண்டாலே ஓடுறா."

ஒரு வருஷமாக நான் மிட்டாய் நீட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளையிடம் என்ன பயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்தப் பெண் கேட்டிருக்கிறார், அதுவும் பதில் வரும் வரைக்கும் காத்திருந்து கேட்டிருக்கிறார்.

"அதனால தாத்தா வெளியில இருந்து வரக் கூடாது சார். அவங்க கண்ணு முன்னாடியே, அவங்க கையாலயே செய்யணும். நீங்க முக்காலியில சும்மா உக்காந்தா போதும். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, கையத் தொடைக்கடியில வச்சுக்கணும். கண்ண மூடிக்கணும். அப்புறம்..." என் கழுத்தைப் பார்த்தார். "விசில மேசையில வச்சிருங்க."

வீட்டில் கூட நான் விசிலை ஆணியில்தான் மாட்டுவேன், மேசையில் வைத்ததில்லை. அன்றைக்கு வைத்தேன்.

சேலை

அரையாண்டு லீவுக்கு முந்தின நாள். அரை நாள் பள்ளி. பலூன் கிடையாது என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஒன்று உடைந்தால் ஒன்று அழும், அதைப் பார்த்து இன்னொன்று.

முதல் விளையாட்டு, நட்சத்திரம் தேடுவது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் என்பதால் ஜூனிலிருந்தே ஆளுக்கொரு சின்னம் கொடுத்திருந்தார்: மீன், ஆட்டோ, முருங்கைக்காய், குடை, சீப்பு. உள்ளாட்சித் தேர்தல் மாதிரி. காகித நட்சத்திரத்தில் அந்தச் சின்னங்களை வரைந்து வகுப்பு முழுக்க ஒளித்து வைத்திருந்தார். விதி ஒன்றுதான்: உன்னுடையதை நீ எடுக்கக் கூடாது. மற்றவனுடையதைக் கண்டுபிடித்து அவன் கையில் கொடுக்க வேண்டும்.

"டேய் முருங்கக்கா! ஒன்னோடது இங்கன இருக்குடா!" என்று ஒருவன் பெஞ்சுக்கடியிலிருந்து கத்தினான். முருங்கைக்காய் ஓடி வந்தான். என் வகுப்பில் இவனைக் கோட்டில் நிற்க வைக்கவே நான் தினமும் பத்து முறை கத்துவேன்.

அடுத்தது மியூசிக்கல் சேர், ஆனால் சேர் இல்லை. டீச்சர் தன் பழைய நூல் சேலை ஒன்றைத் தரையில் முழுசாக விரித்தார். சர்ச்சிலிருந்து கொண்டுவந்த, ஓரமெல்லாம் சிங்கி வைத்த தம்புருவை ஆட்டினார். சத்தம் நின்றதும் எல்லோரும் சேலைமேல் நிற்க வேண்டும். நின்றார்கள். சேலையைப் பாதியாக மடித்தார். மறுபடி தம்புரு. மறுபடி பாதி. யாரும் அவுட்டு இல்லை. எல்லோரும் நின்றே ஆக வேண்டும். இடம் பற்றாமல் போகப்போகப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, தோளைப் பிடித்துக்கொண்டு, மற்றவன் கால்மேல் கால் வைத்து நின்றார்கள்.

சேலை கடைசியில் உட்காருகிற மணை அளவுக்கு வந்துவிட்டது. முப்பத்தொரு பேர் எப்படி நிற்பது?

"சேலையில நிக்கிறவங்களத் தொட்டுக்கிட்டு நின்னாலும் போதும்" என்றார் டீச்சர், மெதுவாக.

ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலி நீண்டது. கதவு வரைக்கும் வந்துவிட்டது. கடைசியில் நின்ற எல்.கே.ஜி. பொடியன் இன்னொரு கை சும்மா இருக்கிறதே என்று கரஸ்பாண்டன்ட் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். பேனா பிடித்திருந்த கை. அவர் கையை இழுக்கவில்லை. தம்புரு மறுபடி ஒலிக்கும் வரைக்கும் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

அதுவரைக்கும் யாரும் அழவில்லை. நான் மூலையில் நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் இவ்வளவு தூரம் கட்டிக் காத்ததை நான் போய்க் கெடுத்துவிடக் கூடாதே என்று விசில் இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டேன்.

இலவம் பஞ்சு

பிறகுதான் முக்காலியும் மைதாப் பசையும்.

தாடிக்குக் கடையில் விற்கிற வெள்ளைப் பஞ்சுச் சுருள் வாங்குவதாகத்தான் ஏற்பாடு. ஆயாதான், "எதுக்கு டீச்சர் அதெல்லாம் போயி வாங்கிக்கிட்டு? எங்க வீட்ல தலகாணிப் பஞ்சு கெடக்கு, நான் கொண்டாரேன்" என்று ஏற்றுக்கொண்டார். அது இலவம் பஞ்சு. பையைப் பிரித்ததும் காற்றோடு கிளம்பிவிட்டது. டீச்சர் ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தினார். அதற்குள் பிள்ளைகள் தலையிலெல்லாம் வெள்ளை வெள்ளையாக இறங்கியது. விளாங்குடியில் பனி பெய்தது அன்று ஒருநாள்தான்.

வேறு பஞ்சுக்கு நேரமில்லை. இதுவேதான்.

வரிசையின் கடைசியில் ஆயா பஞ்சைப் பிய்த்துக் கொடுக்க, கைமாறிக் கைமாறி முன்னால் வரும். முன்னால் நிற்கிற பிள்ளை அதை என் முகத்தில் ஒட்டிவிட்டு ஓடிப்போய்க் கடைசியில் நின்றுகொள்ளும். ரிஸ்வானாவை டீச்சர் கடைசி ஆளாக, ஆயா பக்கத்தில் நிறுத்தியிருந்தார். அவள் எனக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் நின்றாள். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் ஒட்டி முடித்துப் பின்னால் போகப் போக, அவள் ஓரோர் அடியாக முன்னால் வந்துகொண்டிருந்தாள். பஞ்சை வாங்கி வாங்கிக் கொடுக்கிற மும்முரத்தில் அது அவளுக்குத் தெரியவில்லை.

எனக்கும் முதலில் புரியவில்லை. புரிந்தபோது இந்தப் பெண்ணின் மூளையை நினைத்து மலைத்துப்போனேன்.

கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கையும் ஒவ்வொரு மாதிரி. சிலது பட்டும் படாமலும் ஒட்டும், சிலது சப்பென்று அறையும். ஒருவன் காதுக்குள் அடைத்தான். ஒருத்தி ஒட்டிவிட்டு வாயால் ஊதிப் பார்த்தாள். மூன்று பஞ்சு என் வழுக்கையில் ஏறியிருந்தது. பசை காயக் காய முகம் இழுத்தது.

திடீரென்று வகுப்பில் சத்தம் நின்றது.

இமையை நூலளவு திறந்தேன். எதிரே பச்சைக் காலுறை போட்ட இரண்டு சின்னக் கால்கள்.

முப்பது பிள்ளைகளுக்கும் தெரியும் அது யார் என்று. கதவோரம் நாற்காலி கிறீச்சிட்டது. நானாக இருந்தால், "போம்மா, சாரு ஒண்ணும் பண்ண மாட்டாரு" என்று முதுகில் கை வைத்துத் தள்ளியிருப்பேன். டீச்சரோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், அவசரமே இல்லாதவர் போல.

ரொம்ப நேரம் கழித்து ரிஸ்வானா கேட்டாள்: "டீச்சர், உள்ள யாரு இருக்கா?"

"எனக்குத் தெரியல. நீயே பாரு."

ஒரு சின்ன விரல் என் கன்னத்துப் பஞ்சைத் தூக்கியது. கீழே என் தோல். தொட்டுப் பார்த்தாள். இன்னொரு பஞ்சைத் தூக்கினாள். அங்கேயும் நான்தான். தூக்கியதை எல்லாம் திரும்ப அமுக்கி ஒட்டினாள்.

"சாருதான்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

பிறகு தன் பங்குப் பஞ்சை மூக்குக்குக் கீழே, மீசையாக வைத்தாள். இலவம் பஞ்சு. மூச்சை இழுத்ததும் அது மூக்குக்குள் போய்விட்டது.

தும்மல் வந்தது. கையோ தொடைக்கடியில். உதட்டைக் கடித்தேன். மூச்சைப் பிடித்தேன். உள்நாக்கு வரைக்கும் வந்ததை விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கடவுளே, இந்த ஒன்றை மட்டும் நிறுத்திக் கொடு, இதற்கப்புறம் வாழ்நாளெல்லாம் தும்மிக்கொள்கிறேன் என்று வேண்டினேன்.

நிற்கவில்லை. முக்காலி ஆட, மீசை பறக்க, வகுப்பு அதிரத் தும்மினேன்.

ஒருவரும் அசையவில்லை. பஞ்சு மட்டும் மெதுவாக இறங்கியது. நான் கண்ணைத் திறந்தேன். ரிஸ்வானா ஓரடி பின்னால் போயிருந்தாள். உதடு பிதுங்கியது. கரஸ்பாண்டன்ட் அம்மா பேனா மூடியைக் கழற்றினார்.

ரிஸ்வானா குனிந்து தரையில் கிடந்த மீசையைப் பொறுக்கினாள். ஊதித் தூசி தட்டினாள். ஒரு விரலை உயர்த்தினாள்.

"ஆடாம அசையாம நிக்கணும்னு சொன்னேன்ல?"

அணிவகுப்பில் நான் தினமும் சொல்வது. என் குரல், என் விரல், என் முறைப்பு, அத்தனையும் அப்படியே இருந்தது.

"சரிங்க மிஸ்" என்றேன். பேசக் கூடாது என்ற விதி மறந்துபோனது.

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வேலை இருந்தது அவளுக்கு. மீசையை ஒட்டி, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டு, தள்ளி நின்று பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் போனாள். எஸ்தர் டீச்சர் அப்போதுதான் ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

வேன்

கேக் சாப்பிட்டு, தாத்தா மடியில் ஆளுக்கொரு முறை உட்கார்ந்து, சேலையை இன்னொரு தடவை மடித்து, எல்லாம் முடிந்தது. ஒருவரும் அழவில்லை. நான் டீச்சரைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

"பையை எடுத்துக்கங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றார் ஆயா.

முருங்கைக்காய்தான் முதலில் ஆரம்பித்தான். "நான் போ மாட்டேன்." அவனைப் பார்த்துக் குடை. குடையைப் பார்த்து மீன். இரண்டு நிமிஷத்தில் முப்பத்தொரு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். போன வருஷத்து அழுகையெல்லாம் ஒன்றுமே இல்லை. இது தெருமுனை வரைக்கும் கேட்டது. ரிஸ்வானா என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"சாரு தாடியக் கழட்டிருவாரு... கழட்ட வேணாம்னு சொல்லுங்க டீச்சர்..."

எஸ்தர் டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. படியில் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுப் பெண்ணை நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் பார்த்தேன். கரஸ்பாண்டன்ட் அம்மா எழுந்தார். அழுகிற பிள்ளைகள் ஒவ்வொருவரிடமாகக் குனிந்து ஏதோ கேட்டார். நோட்டில் எழுதினார். நோட்டோடு தன் அறைக்குப் போய்விட்டார்.

தாடியைக் கழற்ற மாட்டேன் என்று ரிஸ்வானாவிடம் சத்தியம் செய்து கொடுத்துத்தான் வேனில் ஏற்றினேன். வேன் தெரு திரும்பும் வரைக்கும் தாடியோடு வாசலில் நின்று கையாட்டினேன். டீக்கடை வாசலில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

"போச்சு சார்" என்றார் டீச்சர். "முப்பத்தோரு பேரும்."

"வாங்க. நானும் வாரேன்" என்றேன்.

இருவரும் அறைக்குள் போனோம். பஞ்சு உதிர உதிர நான் முன்னால் நின்றேன். கரஸ்பாண்டன்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போன வருஷம் மாதிரியே நோட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இந்த முறை பெயர் வரிசை இல்லை. நாலு வரிதான்.

"கிறிஸ்துமஸ் விளையாட்டு. பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் அழுதார்கள். காரணம்: வேன் வந்துவிட்டது. அடுத்த வருஷம் வேனை ஒரு மணி நேரம் தாமதமாக வரச் சொல்ல வேண்டும்."

நான் இரண்டு தடவை படித்தேன். எஸ்தர் டீச்சர் ஒரு தடவைதான் படித்தார். சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

கரஸ்பாண்டன்ட் அம்மா நோட்டை மூடினார்.

"எதுக்கு டீச்சர் இப்ப அழுகுறீங்க? மூடுன நோட்ட மறுபடி தெறக்க வச்சிராதீங்க."